டி செல் சோர்வும் செக்பாயிண்ட் மருந்தும்: ரத்தப் புற்றுநோய் வந்த வீடுகளில் இருந்து என்னிடம் கேட்டவை

நான் பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் எடுக்கிறேன். மருத்துவர் இல்லை. என் அண்ணன் மகனுக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா வந்தது. நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) வரும் ரத்தப் புற்று அது. கீமோ, அவன் உடம்பிலிருந்தே எடுத்த ஸ்டெம் செல்லைத் திருப்பிக் கொடுக்கும் சிகிச்சை, மறுபடியும் நோய், பிறகு நிவோலுமாப் என்ற செக்பாயிண்ட் மருந்து என்று வருடங்கள் ஓடின. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கத்தில் முடிகிற டி செல்லை, நோயை அடிக்கும் அந்த வெள்ளணு வகையை, அப்போதுதான் நான் அடியிலிருந்து படித்தேன். படித்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, இன்று அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் பக்கமிருந்தெல்லாம் போன் வருகிறது. கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எழுதி வைக்கிறேன். மருந்தை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் ரத்தநோய் மருத்துவர். அவர் சொல்வது உங்களுக்கு விளங்க வேண்டும், அதற்காக மட்டுமே இது.

வெள்ளணு கூடிப்போனதுதான் நோய்ன்னு சொல்லுதாங்க. அதே வெள்ளணுதான் நோயை அடிக்கும்னும் சொல்லுதாங்க. எது சரி?

இரண்டும் சரி. வெள்ளணு என்பது ஒரே ஆள் இல்லை, பல குடும்பங்கள் உள்ள ஒரு தெரு. ஏஎம்எல் என்ற லுகேமியா மைலாய்டு என்ற குடும்பத்தில் வரும் புற்று. பெரும்பாலான ஏஎல்எல், சிஎல்எல் என்ற லுகேமியாக்கள், ஹாட்ஜ்கின், மஜ்ஜையில் வளரும் மைலோமா எல்லாம் பி செல் குடும்பத்தில் வருபவை. டி செல் வேறு குடும்பம். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் படித்து வெளியே வரும். அந்தப் படிப்பில் பெரும்பாலானவை தேறுவதில்லை. சொந்த உடம்பையே கடிக்கக்கூடியவை அங்கேயே அழிக்கப்படும். அபூர்வமாக டி செல்லிலேயே புற்று வருவதும் உண்டு. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன், அது முக்கியமான விதிவிலக்கு.

நம் ஒவ்வொரு செல்லும் தனக்குள் செய்யும் புரதங்களின் துண்டுகளை எச்எல்ஏ என்ற தட்டில் வைத்து வெளியே நீட்டிக்கொண்டே இருக்கும். டி செல் ஊர்ந்துபோகும் வழியில் தட்டுகளைத் தடவிப் பார்க்கும். வைரஸ் துண்டோ, புற்றால் மாறிப்போன துண்டோ தட்டுப்பட்டால் அந்தச் செல்லைக் கொல்லும். ஈரலிலோ மார்பிலோ வருகிற கட்டியைத் தேடி டி செல் பயணம் போக வேண்டும். ரத்தப் புற்றோ மஜ்ஜை, நெறி, மண்ணீரல் என்று டி செல் பிறந்து தங்கும் வீட்டுக்குள்ளேயே வளர்கிறது. இரவும் பகலும் ஒரே திண்ணையில் எதிரியோடு இருக்க வேண்டிய நிலை. சோர்வு என்ற பிரச்சினை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

டி செல் சோர்வு என்றால் அது செத்துப்போச்சா, பலவீனமாப் போச்சா?

சாகவில்லை. பலவீனம் என்ற சொல்லும் பொருந்தாது. நம்மூர்க் கொடை விழாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்கு அடுத்த வீட்டில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். முதல் நாள் ராத்திரி வில்லுப்பாட்டும் மேளமும் கேட்டு வீட்டில் யாருக்கும் கண் மூடாது. மூன்றாம் நாள் அதே சத்தத்துக்கு நடுவில் பிள்ளைகள் அடித்துப் போட்டாற்போலத் தூங்கும். சத்தம் குறையவில்லை, காதும் கெடவில்லை. ஓயாத சத்தத்துக்கு உடம்பு தன்னை மாற்றிக்கொண்டது.

டி செல்லும் அப்படித்தான். சளிக் காய்ச்சல் வைரஸ் ஒரு வாரத்தில் போய்விடும். டி செல் பெருகி, அடித்து, ஒரு பகுதி நினைவுச் செல்லாகத் தங்கிவிடும். எதிரி மாதக் கணக்கில், வருடக் கணக்கில் போகாமல் இருந்தால் கதை வேறு. 1990-களில் சுண்டெலிகளில் எல்சிஎம்வி என்ற வைரஸை நாள்பட விட்டுப் பார்த்தபோதுதான் இது முதலில் தெரிய வந்தது. டி செல்கள் இருந்தன, ஆனால் வேலை செய்யவில்லை. அந்தச் செயலிழப்பு ஒரு வரிசையில் வருகிறது. முதலில் ஐஎல்-2 என்ற சேதிப் புரதத்தின் சுரப்பும் பெருகும் திறனும் போகும். அடுத்து டிஎன்எஃப் என்ற இன்னொரு சேதிப் புரதம். கடைசியாகத்தான் இன்டர்ஃபெரான் காமா. செல்லின் மேல்பரப்பில் பிடி-1, டிம்-3, லாக்-3, டிஜிட் போன்ற தடை ஏற்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக முளைக்கும். உள்ளே டாக்ஸ் என்ற புரதம் இந்த மாற்றத்தை நடத்துகிறது என்று 2019-இல் பல ஆய்வுக் குழுக்கள் காட்டின.

இதில் நான் மிகவும் மதிக்கிற கண்டுபிடிப்பு வேறொன்று. சோர்ந்த செல்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. டிசிஎஃப்-1 என்ற புரதத்தை விடாமல் வைத்திருக்கும் ஒரு சிறு கூட்டம் உண்டு. அது விதைநெல் மாதிரி: தானும் அழியாமல் இருந்து, புதிய செல்களையும் முளைக்க வைக்கும். செக்பாயிண்ட் மருந்து முக்கியமாக எழுப்புவது இந்தக் கூட்டத்தைத்தான். இது தீர்ந்துபோனவரிடம் மருந்துக்கு எழுப்ப ஆள் இல்லை.

எங்க ஆச்சிக்கு எந்நேரமும் அசதி. அது டி செல் சோர்வா?

இல்லை. பெயர் ஒற்றுமை மட்டும்தான். அசதிக்கு ரத்தசோகை, கீமோ, காய்ச்சல், தூக்கமின்மை, தைராய்டு என்று தனிக் காரணங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் உண்டு. மருத்துவரிடம் அசதியை அசதி என்றே சொல்லுங்கள்.

செக்பாயிண்ட் என்றால் புளியரை செக்போஸ்ட் மாதிரியா?

செங்கோட்டை தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் இதைக் கேட்டுவிடுகிறார்கள். தமிழில் சிலர் சோதனைச்சாவடி என்றே எழுதுவதால் குழப்பம் கூடுகிறது. வண்டியை நிறுத்தி யார் எவர் என்று பார்க்கும் இடம் இல்லை இது. நெல்லையப்பர் ஆனித் தேருக்குப் போடும் முட்டுக்கட்டைதான் சரியான உவமை. அவ்வளவு பெரிய தேரை வடம் பிடித்து ஆயிரக்கணக்கான கைகள் இழுக்கும்போது, சக்கரத்தின் அடியில் கட்டை கொடுத்து ஓட்டத்தை அடக்கவும் திருப்பத்தில் திருப்பவும் ஆட்கள் கூடவே ஓடுவார்கள். கட்டை இல்லாவிட்டால் தேர் ரத வீதி வீடுகளுக்குள் ஏறிவிடும். கட்டையை எடுக்கவே இல்லையென்றால் தேர் நிலை வந்து சேராது.

டி செல்லில் அப்படிப்பட்ட கட்டைகளில் இரண்டு பெரியவை. ஒன்று சிடிஎல்ஏ-4, தேர் கிளம்பும்போதே போடுவது. நெறிக்குள் டி செல் முதன்முதலில் தூண்டப்படும் இடத்தில் வேலை செய்யும். மற்றது பிடி-1, ஓட்டத்தின் நடுவில் போடுவது. எதிரில் இருக்கும் செல் பிடி-எல்1 அல்லது பிடி-எல்2 என்ற புரதத்தை நீட்டினால், அது பிடி-1-இல் பொருந்தி டி செல்லை அடக்கும். பிடி-1-ஐ 1992-இல் ஜப்பானின் கியோட்டோவில் தசுக்கு ஹோன்ஜோவின் ஆய்வகம் கண்டுபிடித்தது. சிடிஎல்ஏ-4 கட்டையை எடுத்தால் டி செல் புற்றை அடிக்கும் என்று அமெரிக்காவின் ஜேம்ஸ் ஆலிசன் எலிகளில் காட்டினார். இருவருக்கும் 2018-இல் மருத்துவ நோபல் கிடைத்தது. இந்தக் கட்டைகளை எடுப்பவைதான் செக்பாயிண்ட் மருந்துகள். நிவோலுமாபும் பெம்ப்ரோலிசுமாபும் பிடி-1 கட்டையை எடுப்பவை.

உடம்பு ஏன் தன் ஆளுக்கே இப்படிக் கட்டை போடணும்? இது குறைபாடுதானே?

குறைபாடு இல்லை, காவல். சிடிஎல்ஏ-4 மரபணு இல்லாமல் பிறந்த எலிகள் மூன்று நான்கு வாரங்களில் செத்துப்போயின. அவற்றின் டி செல்களே இதயத்தையும் கணையத்தையும் அழித்துவிட்டன. ஹைதராபாத்தில் பிறந்த ரஃபி அகமதுவின் குழு அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவு. நாள்பட்ட வைரஸ் தொற்றுள்ள எலிகளில் பிடி-1 வழியை மருந்தால் அடைத்தபோது சோர்ந்த டி செல்கள் எழுந்து வேலை செய்தன. இன்றைய மருந்துகளுக்குப் பின்னால் இருக்கும் கருத்துக்கு அது வலுவான சான்று. அதே ஆய்வில், பிடி-எல்1 பிறவியிலேயே இல்லாத எலிகளுக்கு அந்த வைரஸைக் கொடுத்தபோது அவை செத்தன. வைரஸால் இல்லை, அடங்காத டி செல்லால்.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோர்வு என்பது உடம்பு பார்த்துச் செய்த ஏற்பாடு. தீராத சண்டையில் வீடே எரிந்துவிடாமல் இருக்க உடம்பு தீயைத் தணித்து வைக்கிறது. புற்றுநோய் அந்த ஏற்பாட்டின் மறைவில் வாழ்கிறது.

ஹாட்ஜ்கினுக்கு மட்டும் இந்த மருந்து ஏன் இவ்வளவு நல்லாக் கேக்குது?

இதை நான் நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நடந்தது இது.

ஹாட்ஜ்கின் கட்டியை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் புற்றுசெல் கொஞ்சம்தான் இருக்கும். ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் என்று பெயர், ஆந்தைக் கண் போல இரட்டை உட்கரு. பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டே அவை. மீதி எல்லாம் டி செல், மேக்ரோபேஜ், இயோசினோபில் என்று நோயை அடிக்க வந்த கூட்டம். வந்த கூட்டம் அடிக்காமல் சுற்றி நிற்கிறது. காரணம் அந்த ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்லின் ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கிறது. 9பி24.1 என்ற பகுதி அதில் கூடுதல் பிரதிகளாக இருக்கும். பிடி-எல்1, பிடி-எல்2 இரண்டின் மரபணுக்களும் அந்த இடத்தில்தான் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் ஜாக்2 மரபணுவும் கூடிப்போய் அவற்றை இன்னும் தூண்டுகிறது. அதாவது, இந்தப் புற்று முட்டுக்கட்டையைப் பிறவிச் சொத்தாகவே வைத்திருக்கிறது. அதன் பிழைப்பே அந்தக் கட்டையில்தான். கட்டையை உருவினால் சுற்றி நிற்கும் கூட்டம் உடனே நகரும்.

2015-இல் வந்த முதல் ஆய்வில், பல சிகிச்சைகள் தோற்ற 23 பேருக்கு நிவோலுமாப் கொடுத்தார்கள். 20 பேருக்கு நோய் சுருங்கியது. ரத்தநோய் உலகில் அப்படி ஒரு எண் அபூர்வம். 2016 மே மாதம் அமெரிக்கா ஹாட்ஜ்கினுக்கு நிவோலுமாபை அனுமதித்தது. 2017-இல் பெம்ப்ரோலிசுமாப் வந்தது. இப்போது தோற்றபின் கொடுப்பது மட்டுமில்லை. முற்றிய நிலையில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கே கீமோவோடு நிவோலுமாப் சேர்த்த பெரிய ஆய்வு 2024-இல் வெளியானது. இரண்டு வருட முடிவில் நோய் முற்றாமல் இருந்தவர்கள் 92 சதவீதம். பிரெண்டுக்சிமாப் என்ற மருந்தைச் சேர்த்த மற்றப் பிரிவில் 83 சதவீதம்.

ஒரு நுணுக்கம். ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்கள் பலவற்றில் முதல் வகை எச்எல்ஏ தட்டே இருப்பதில்லை. அந்தத் தட்டைப் பார்த்துக் கொல்லும் சிடி8 டி செல்லுக்கு அங்கே பெரிய வேலை இருக்க முடியாது. ஆகவே சிடி4 என்ற மற்றொரு வகை டி செல்களும் மேக்ரோபேஜும்தான் இதில் முக்கிய ஆட்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மருந்து கேட்கிறது என்பது உறுதி. எந்தக் கை அடிக்கிறது என்பதில் ஆய்வு இன்னும் நடக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பையனுக்குக் கழுத்தில் நெறி கட்டியபோது, ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்துவிட்டு காசநோய் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். காசநோய் நிறைய உள்ள நாட்டில் இது அடிக்கடி நடக்கிற தவறு. கழுத்து நெறி மாத்திரைக்குக் கரையவில்லை, ராத்திரி வியர்வையும் எடை குறைவும் இருக்கிறது என்றால், நெறியை முழுதாக எடுத்து பயாப்ஸி செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

எங்க அப்பாவுக்கு மைலோமா. அவருக்கும் அதே ஊசி போடலாம்லா?

இந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்வது எனக்கு வருத்தம்தான், ஆனால் சொல்லியாக வேண்டும். மைலோமா நோயாளிகளின் டி செல்களிலும் பிடி-1 உண்டு, கட்டியிலும் பிடி-எல்1 உண்டு. கேட்கும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். பெம்ப்ரோலிசுமாபை பொமாலிடோமைட் அல்லது லெனாலிடோமைட் என்ற மைலோமா மருந்துடன் சேர்த்த இரண்டு பெரிய ஆய்வுகளை 2017 ஜூலையில் அமெரிக்க மருந்துத் துறை நிறுத்தியது. மருந்து சேர்த்த பக்கம் இறப்பு கூடுதலாக இருந்தது.

சிஎல்எல்-இல் டி செல் சோர்வு நன்றாகவே பதிவான விஷயம். ஆனால் 2017-இல் வெளியான சிறிய ஆய்வில் பெம்ப்ரோலிசுமாப் பெற்ற 16 சிஎல்எல் நோயாளிகளில் ஒருவருக்கும் பலன் இல்லை. அதே ஆய்வில், சிஎல்எல் திடீரென்று வேகமான லிம்ஃபோமாவாக மாறிய ரிக்டர் நிலையில் இருந்த 9 பேரில் 4 பேருக்குப் பலன் இருந்தது. ஒரே மருந்து, ஒரே வேர் நோய், இரண்டு விடை. ஏஎம்எல்-இல் டிம்-3 என்ற கட்டை நோயின் ஸ்டெம் செல்லிலேயே இருப்பதால் அதைக் குறிவைத்த சபடோலிமாப் மீது பெரிய நம்பிக்கை இருந்தது. அதன் உறவுநோயான எம்டிஎஸ்-இல் நடந்த பெரிய ஆய்வில் உயிர்நாள் கூடவில்லை.

மேலே விதிவிலக்கு என்று சொன்னது இது. டி செல்லே புற்றானால், பிடி-1 என்ற கட்டை அந்தப் புற்றுசெல்லின் சக்கரத்திலேயே இருக்கலாம். எச்டிஎல்வி-1 வைரஸால் வரும் டி செல் லிம்ஃபோமா உள்ள மூன்று பேருக்கு நிவோலுமாப் ஒரு தடவை கொடுத்ததும் நோய் வெகுவேகமாகப் பாய்ந்தது என்று 2018-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். கட்டையை எடுத்தது எதிரியின் தேரிலிருந்து.

ஆகவே யாராவது உங்களிடம் இம்யூனோதெரபி புதுசு, எல்லாப் புற்றுக்கும் நல்லது என்றால் நம்பாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி மூன்று. இந்த நோய் இந்தக் கட்டையை நம்பித்தான் வாழ்கிறதா? எழுப்புவதற்கு டி செல் மிச்சம் இருக்கிறதா? அந்த டி செல்லுக்கு அடையாளம் காட்டும் துண்டு நோய்செல்லின் தட்டில் இருக்கிறதா? ஹாட்ஜ்கினில் முதல் கேள்விக்கு விடை பளிச்சென்று ஆம். மற்ற பலவற்றில் மூன்றில் ஒன்றாவது இடறுகிறது. ஏஎம்எல்-இல் மரபணு மாற்றங்களே குறைவு, அதனால் காட்டுவதற்கு அந்நியத் துண்டும் குறைவு.

தங்கச்சி மஜ்ஜை கொடுத்து மாற்று சிகிச்சை ஆச்சு. நோய் திரும்பிருச்சு. தங்கச்சியோட டி செல்லும் சோர்ந்துருமா?

சோரலாம். உடன்பிறந்தவர் மஜ்ஜை கொடுப்பதில் பலனின் முக்கியமான ஒரு பங்கு அவருடைய டி செல்கள் மிச்சமுள்ள லுகேமியாவை அடிப்பதால்தான் வருகிறது. நோய் திரும்புகிறவர்களில் சிலருக்கு அந்த டி செல்கள் சோர்ந்திருக்கும். சிலருக்கு லுகேமியா செல் தன் எச்எல்ஏ தட்டையே மறைத்துக்கொண்டிருக்கும். 2016-இல் வந்த ஆய்வில் இப்படித் திரும்பிய 28 பேருக்கு சிடிஎல்ஏ-4 தடுப்பான இபிலிமுமாப் கொடுத்தார்கள். அதிக அளவு பெற்ற 22 பேரில் 5 பேருக்கு நோய் முற்றிலும் மறைந்தது. ஆனால் கொடுத்தவரின் டி செல் நோயாளியின் தோல், குடல், ஈரலைத் தாக்கும் ஜிவிஎச்டி சிலருக்கு வந்தது. பிடி-1 மருந்திலும் இந்த ஆபத்து பெரிது. மாற்றுக்கு முன்பே நிவோலுமாப் எடுத்திருந்தால் அந்த விவரத்தை மாற்று செய்யும் குழுவிடம் மறக்காமல் சொல்லுங்கள். பழைய ஃபைல் திருநெல்வேலியிலும் சிகிச்சை வேலூரிலுமாக இருக்கும்போது இது விட்டுப்போகிறது.

கார்-டி போட்டால் சோர்வுப் பிரச்சினையே கிடையாதாமே?

உண்டு. கார்-டி என்பது நோயாளியின் டி செல்லையே எடுத்து, பி செல்லின் மேல் இருக்கும் சிடி19 போன்ற அடையாளத்தை நேரடியாகப் பிடிக்கும் செயற்கை ஏற்பியை மரபணு வழியாகப் பொருத்தித் திருப்பிக் கொடுப்பது. எச்எல்ஏ தட்டுக்கு அவசியம் இல்லை என்பது அதன் பலம். ஆனால் எடுக்கும் டி செல் ஏற்கெனவே சோர்ந்திருந்தால் செய்யும் கார்-டியும் சீக்கிரம் சோரும். சிஎல்எல் நோயாளிகளை 2018-இல் ஆராய்ந்தபோது, நல்ல பலன் கண்டவர்களின் செல்கள் நினைவுச் செல் குணத்தோடும், பலன் காணாதவர்களின் செல்கள் சோர்வுக் குணத்தோடும் இருந்தன. கீமோக்களை வரிசையாகப் போட்டுத் தீர்த்துவிட்டுக் கடைசியில் கார்-டியை நினைப்பது நல்லதல்ல. மருத்துவரிடம் முன்கூட்டியே பேச்செடுங்கள். நல்ல பக்கமும் உண்டு: 2010-இல் அமெரிக்காவில் சிஎல்எல்-க்கு கார்-டி பெற்ற இரண்டு பேரின் உடம்பில் அந்தச் செல்கள் பத்து வருடம் கழித்தும் இருந்தன.

மும்பை ஐஐடியும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19-க்கு 2023 அக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. பி செல் லுகேமியா, லிம்ஃபோமா திரும்பியவர்களுக்கானது. செலவு சுமார் 40 லட்சம் ரூபாய். அமெரிக்காவில் மூன்று கோடிக்கு மேல். 40 லட்சமும் நம் வீடுகளுக்கு மலைதான். அதையும் தெரிந்தே சொல்கிறேன்.

ஏஎல்எல்-க்குக் கொடுக்கும் பிளினாடுமோமாப் வேறு வகை. ஒரு கையால் டி செல்லையும் மறு கையால் சிடி19-ஐயும் பிடித்து இணைக்கும் மருந்து. 28 நாள் பம்பில் ஓயாமல் ஏறும், பிறகு இடைவெளி. ஓயாமல் தூண்டினால் டி செல் சோர்கிறது என்றும், இடைவெளி விட்டால் தேறுகிறது என்றும் 2022-இல் ஆய்வு வந்தது. கொடையில் ஒலிபெருக்கியை அணைத்துப் பார்த்தது போலத்தான்.

சோர்ந்திருக்கா இல்லையான்னு பார்க்க டெஸ்ட் இருக்கா?

வழக்கமான சிகிச்சையில் அப்படி ஒரு டெஸ்ட் இல்லை. ஃப்ளோ சைட்டோமெட்ரி என்ற செல் பரிசோதனையில் பிடி-1 பார்க்கலாம், ஆனால் அப்போதுதான் விழித்த சுறுசுறுப்பான டி செல்லிலும் பிடி-1 இருக்கும். அதை மட்டும் வைத்துச் சோர்வு என்று சொல்ல முடியாது. பணம் வாங்கிக்கொண்டு ‘இம்யூனிட்டி லெவல்’ சொல்கிற பேக்கேஜ்களை விட்டுவிடுங்கள். அதைவிட உங்கள் பயாப்ஸித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கைப் பத்திரமாகக் கேட்டு வாங்கி வையுங்கள். மறுபரிசோதனைக்கு அதுதான் ஆதாரம்.

நிலவேம்பு, கபசுரக் குடிநீர், கருஞ்சீரகம் குடிச்சா டி செல் எழும்பாதா?

ஆச்சிமார் அன்போடு காய்ச்சித் தருவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யோசியுங்கள். சோர்ந்த டி செல்லுக்குத் தூண்டுதல் குறைச்சலாக இல்லை. தூண்டுதல் ஓயாததால்தான் அது சோர்ந்தது. கட்டை போட்டு நிற்கும் தேரை இன்னும் நூறு பேர் சேர்ந்து இழுத்து என்ன பயன்? மேலும், ஈரல் அளவுகள் ஏறும்போது மருந்தாலா கஷாயத்தாலா என்று தெரியாமல் மருத்துவர் திணறுவார். தேவையில்லாமல் ஊசி நின்றுபோகும். எதைக் குடித்தாலும் அவரிடம் சொல்லுங்கள், திட்டுவார் என்று மறைக்காதீர்கள்.

பக்க விளைவுக்கு வீட்டில் என்ன கவனிக்கணும்?

முடி கொட்டுவதும் வாந்தியும் கீமோவின் குணம். இங்கே வருவது கட்டை எடுத்த தேரின் வேகம்: டி செல் சொந்த உறுப்புகளில் ஏறும். வழக்கத்தைவிட நாலு தடவைக்கு மேல் வயிற்றால் போவது, வறட்டு இருமலோடு மூச்சு வாங்குவது, கண் மஞ்சள், திடீர்த் தாகமும் அடிக்கடி சிறுநீரும், நெஞ்சுவலி, தாங்காத தலைவலி, தோல் முழுதும் தடிப்பு. இதில் எது வந்தாலும் அன்றைக்கே தகவல் சொல்ல வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டு இரண்டு நாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. ஊசி நிறுத்தி மாதங்கள் ஆன பிறகும் வரலாம்.

நடுராத்திரி ராதாபுரத்திலிருந்தோ கடையத்திலிருந்தோ ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடி வந்தால், டியூட்டி டாக்டரிடம் “கீமோ போடுதோம்” என்று சொல்லாதீர்கள். “பிடி-1 மருந்து, நிவோலுமாப், கடைசி ஊசி இந்தத் தேதி” என்று சொல்லுங்கள். வைத்தியம் வேறு; பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுத்துத்தான் டி செல்லை அடக்க வேண்டும். ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் வையுங்கள். காசநோய் முன்பு வந்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். பிடி-1 தடுப்பில் உறங்கிய காசநோய் கிளம்பியது பதிவாகியிருக்கிறது.

விலைக்கு என்ன வழி?

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. உங்கள் மருந்து அதில் சேருமா என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு கவுண்டரில், சிகிச்சை தொடங்குமுன் கேளுங்கள். நான் நம்பிக்கையோடு பார்ப்பது குறைந்த அளவு மருந்தைத்தான். நிவோலுமாபின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். டாடா மெமோரியல் மருத்துவர்கள் தலை, கழுத்துப் புற்றுநோயில் மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராமைக் குறைந்த செலவு மாத்திரைகளோடு சேர்த்தார்கள். ஒரு வருடம் கடந்து உயிரோடிருந்தவர்கள் 16 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தார்கள் என்று 2023-இல் வெளியிட்டார்கள். ஹாட்ஜ்கினில் 40 மில்லிகிராம் கொடுத்துப் பலன் கண்டதை ரஷ்ய மருத்துவர்கள் 2020-இல் எழுதினார்கள். பிடி-1 ஏற்பிகள் சிறிய அளவிலேயே நிறைந்துவிடுவதால் இது நடக்கிறது. உங்கள் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். காசில்லை என்று சொல்லாமல் நின்றுபோகிற ஊசிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

எழும்பின டி செல் பழையபடி புதுசாயிருமா?

முழுதாக ஆவதில்லை. சோர்வு செல்லின் மரபணுச் சுருளில் எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதையே மாற்றிவிடுகிறது. பிடி-1-ஐ அடைத்தாலும் அந்த மாற்றம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது என்று 2016-இல் எலி ஆய்வுகள் காட்டின. மாத்திரையால் ஹெபடைடிஸ் சி வைரஸ் முற்றிலும் போன மனிதர்களிலும் டி செல்லில் அந்தத் தழும்பு மிச்சம் இருந்ததை 2021-இல் பார்த்தார்கள். சிலருக்கு மருந்து கொஞ்ச காலம் கேட்டு நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தத் தழும்பை அழிக்கும் வழியைத்தான் இப்போது ஆய்வகங்கள் தேடுகின்றன.

உங்க அண்ணன் மகன் இப்போ எப்படி இருக்கான்?

எல்லாரும் கடைசியில் இதைத்தான் கேட்கிறீர்கள். ஊசி நிறுத்தியாயிற்று. கடைசி பெட் ஸ்கேனில் கழுத்திலும் நெஞ்சிலும் ஒளிர்வது ஒன்றுமில்லை. நடுவில் அவனுடைய டி செல்கள் தைராய்டைத் தின்றுவிட்டன. மைனி தினமும் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், ஆயுசுக்கும் அது உண்டு. போன ஆனியில் வடம் பிடிக்கப் போக வேண்டும் என்றான். மருத்துவரிடம் கேட்டோம், கூட்டத்தில் முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொல்லி அனுமதித்தார். சுவாமி சன்னதி தெரு வரைக்கும் இழுத்துவிட்டு, கை சிவந்து வீட்டுக்கு வந்தான்.